லெய்டன் நகரில் இரண்டு ஆண்டுகள் படிக்கப் போகிறேன்: அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி: நாகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நெதர்லாந்தில் உள்ள லெய்டன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் முதுநிலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் முதல் வாரத்தில் வகுப்புகள் தொடங்குவதால் ஆகஸ்ட் நடுவில் புறப்பட வேண்டும். நான் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள். இளநிலைப் படிப்பைத் திருச்சியில் விடுதியில் தங்கி முடித்தேன். வீட்டைப் பிரிந்திருப்பது எனக்குப் பழகிவிட்டது என்றாலும், நாட்டைப் பிரிந்து போவது இதுவே முதல்முறை.

பல்கலைக்கழகம் அனுப்பிய கையேட்டில் படிப்பைப் பற்றியும் விசாவைப் பற்றியும் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. கால்வாய்களும் காற்றாலையும் பூந்தொட்டிகள் தொங்கும் பாலங்களும் படங்களில் மிக அழகாக இருக்கின்றன. ஆனால் நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை பெய்துகொண்டிருக்கும் மாலையில், வகுப்பு முடிந்து வெளியே வரும் ஒரு மாணவி எங்கே போவாள், என்ன சமைப்பாள், யாரிடம் பேசுவாள் என்பதை எந்தக் கையேடும் சொல்வதில்லை. அதைத்தான் அங்கு வாழ்ந்தவர்களிடமிருந்து தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இவற்றுள் அவசரமானது அறை. இணையத்தில் ஓர் அறையைப் பார்த்தேன். நகரத்தின் நடுவில், கால்வாயைப் பார்த்த சன்னலுடன், வாடகையும் மற்ற அறைகளைவிடக் குறைவாக இருக்கிறது. உரிமையாளர் தாம் இப்போது இங்கிலாந்தில் இருப்பதாகவும், இரண்டு மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்பிவிடுவதாகவும் எழுதியிருக்கிறார். அப்பா தயங்குகிறார். உங்கள் கருத்து என்ன? மேலும், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் சைக்கிள் ஓட்டியதே இல்லை. அங்கு சைக்கிள் இல்லாமல் காலம் தள்ள முடியுமா?

பதில் 1: வைகைக்காற்று

வணக்கம், தங்கை. நான் மதுரையைச் சேர்ந்தவன். 2021 முதல் 2023 வரை லெய்டனில் படித்தேன். முதலில் அவசரமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: அந்த உரிமையாளருக்கு ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பது, வாடகை குறைவாக இருப்பது, பணம் வந்த பிறகு சாவி கூரியரில் வருவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது ஏமாற்று வேலை. என்னுடன் படித்த ஒரு மாணவர் இதே முறையில் பணத்தை இழந்து, பெட்டிகளோடு அந்த முகவரிக்குப் போய் நின்றபோது, அங்கே பல ஆண்டுகளாகக் குடியிருந்த ஒரு குடும்பம்தான் கதவைத் திறந்தது. உங்கள் அப்பாவின் தயக்கம் சரியானது.

லெய்டனில் அறை கிடைப்பது உண்மையிலேயே கடினம். ஊர் சிறியது, மாணவர்கள் மிகுதி. ஆகவே பல்கலைக்கழகத்தின் தங்குமிடப் பிரிவில் இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் உண்டு. கிடைக்கும் அறை சிறியதாகவும் வாடகை சற்று மிகுதியாகவும் இருக்கலாம். ஆனாலும் முதல் ஆண்டுக்கு அதுவே பாதுகாப்பான வழி. டூவோ என்னும் மாணவர் குடியிருப்பு நிறுவனத்திலும் உடனே பெயரைப் பதிந்து வையுங்கள். அங்கே காத்திருக்கும் காலத்தைக் கணக்கிட்டே பெரும்பாலான அறைகளை ஒதுக்குவதால், இப்போது பதிந்தது இரண்டாம் ஆண்டில் பயன்படும்.

அறையைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாட்டில் முகவரி என்பது தூங்குவதற்கான இடம் மட்டுமன்று. மற்ற எல்லாமே அதில்தான் தொங்குகின்றன. வந்து சேர்ந்த ஐந்து நாள்களுக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால்தான் பிஎஸ்என் என்னும் குடிமக்கள் எண் கிடைக்கும். அந்த எண் இருந்தால்தான் வங்கிக் கணக்கும் மருத்துவரும் வேலையும் தடையில்லாமல் அமையும். சில வீட்டுக்காரர்கள் "தங்கிக்கொள்ளலாம், ஆனால் இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது" என்பார்கள். அத்தகைய அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் கேட்கலாம் என்பதால், அதற்கு வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கும் வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள். லெய்டனுக்குப் போன பிறகு அதைச் செய்வது பெரும்பாடு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் காசநோய்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இனி சைக்கிள். அது இல்லாமல் லெய்டனில் வாழ முடியும், ஏனென்றால் பழைய நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே கடந்துவிடலாம். ஆனால் உங்கள் துறையின் ஆய்வகங்கள் நகரின் முதன்மைத் தொடர்வண்டி நிலையத்துக்கு மறுபக்கம் உயிரறிவியல் பூங்காவில் இருக்கின்றன. சைக்கிள் இருந்தால்தான் காலையில் அரை மணி நேரம் மிச்சமாகும். பழைய சைக்கிள் ஒன்று வாங்குங்கள். என் காலத்தில் நூறு முதல் நூற்றைம்பது யூரோவுக்குள் கிடைத்தது. ஐம்பது யூரோவுக்குத் தெருவில் ஒருவர் விற்றால் அது திருட்டு சைக்கிளாக இருக்கும். வாங்கினால் நீங்களும் குற்றத்தில் பங்காளி ஆவீர்கள். பின்சக்கரத்தில் பொருத்திய பூட்டு ஒன்று, கம்பியோடு சேர்த்துக் கட்டும் தடித்த சங்கிலி ஒன்று என இரண்டு பூட்டுகள் வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் இரவில் ஓட்டினால் அபராதம். 2019 சூலை முதல் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதற்கும் அபராதம் உண்டு.

பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள பழைய சைக்கிள்கள் பலவற்றில் கைப்பிரேக் கிடையாது. மிதியைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். நம் ஊரில் பழகிய கால்கள் சும்மா இருக்கும் நேரத்தில் மிதியைப் பின்னால் சுழற்றும் பழக்கம் உடையவை. அப்படிச் சுழற்றியதால் முதல் வாரத்தில் நான் பாலத்தின் நடுவில் சட்டென்று நின்றுவிட, பின்னால் வந்த பெண்மணி மோதாமல் விலகிச் சென்றது என் நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்தில் ராப்பன்பர்க் கால்வாய்க் கரையில் இரண்டு வாரம் ஓட்டிப் பழகுங்கள். பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதிப்பது, திரும்பும் முன் கையை நீட்டிக் காட்டுவது, சாலையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாகத் தீட்டியிருந்தால் நின்று வழிவிடுவது, இவையெல்லாம் அந்த இரண்டு வாரத்தில் கைவந்துவிடும்.

நீங்கள் கேட்ட நவம்பர் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். டிசம்பரில் நான்கரைக்கே கதிரவன் மறைந்து, காலை எட்டே முக்கால் வாக்கில்தான் எழுவான். மழை நம் ஊரைப் போலக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை. மெல்லிய தூறலாகக் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும், குடை பிடித்தால் குடைதான் முறியும். அதனால் எல்லாரும் புறப்படும் முன் பாவ்யன்ராடர் என்னும் மழைச் செயலியைப் பார்ப்பார்கள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் எந்த ஐந்து நிமிடங்களில் மழை விடும் என்பதை அது வரைபடமாகக் காட்டும். ஆய்வகத்து வாசலில் ஏழெட்டுப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்று, கோடு தாழ்ந்ததும் ஒரே நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவதை நீங்கள் பார்ப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் நின்றிருந்த ஒருவர்தான் எனக்கு முதல் நண்பரானார்.

பதில் 2: கோவை அம்மா

மகளே, வாழ்த்துகள். என் மகன் அதே ஊரில் படித்து முடித்தவன். நான் அங்கே ஒரு மாதம் அவனோடு தங்கியிருந்தேன் என்பதால், பெட்டியில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

குக்கர் வாங்குவதாக இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்ற அடிப்பாகம் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பல மாணவர் வீடுகளில் அந்த அடுப்புதான் இருக்கிறது. நான் ஆசையாகக் கொடுத்தனுப்பிய அலுமினியக் குக்கர் இரண்டு ஆண்டுகள் அலமாரியில்தான் இருந்தது. மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். சிறிய மிக்சி ஒன்றைத் தாராளமாகக் கொண்டு போகலாம், பிளக்குக்கு மட்டும் மாற்றி வேண்டும். நெய், பால்கோவா, கருவாட்டுக்குப் பக்கத்தில் நாம் வைக்கும் உப்புக்கண்டம் போன்ற பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு போக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், பருப்புப் பொடி, காய்ந்த சுண்டைக்காய் ஆகியவற்றை நன்றாகக் கட்டி, மேலே பெயரை எழுதி வையுங்கள்.

அரிசிக்கும் பருப்புக்கும் கவலை வேண்டாம். தோக்கோ என்று சொல்லும் ஆசியக் கடைகளில் தேங்காய்ப்பால், புளி, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். தொடர்வண்டியில் கால் மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஹேக் நகரத்தில் சுரிநாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழ்வதால், அங்கே கறிவேப்பிலையும் வெண்டைக்காயும் புதிதாகவே கிடைக்கும். சுரிநாம் ரொட்டிக் கடையில் ரொட்டியோடு உருளைக்கிழங்கும் நீளக் காராமணியும் மசாலாவில் வதக்கி வைப்பார்கள். வீட்டு நினைவு வந்தால் அதைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று என் மகன் சொல்கிறான்.

இட்லி மாவு குளிர்காலத்தில் பொங்காது. அடுப்பை மூட்டாமல், ஓவனுக்குள் உள்ள விளக்கை மட்டும் போட்டு இரவு முழுவதும் மாவை அதற்குள் வைத்துப் பாருங்கள். சனவரியில், வெளியே உறைபனி இருந்தபோது, காலையில் நான் ஓவனைத் திறந்ததும் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்திருந்தது. உடன் தங்கியிருந்த இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி இட்லி கொடுத்தோம்.

பதில் 3: வடமராட்சி

வணக்கம், தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். முனைவர் பட்ட ஆய்வுக்காக லெய்டனுக்கு வந்து, இப்போது அதற்குப் பக்கத்து ஊரிலேயே குடியிருக்கிறேன். அறையையும் சமையலையும் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் மனிதர்களையும் மொழியையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் குளிர்காலத்தில் எங்களை வருத்துவது பெரும்பாலும் குளிரைவிடத் தனிமைதான்.

டச்சுக்காரர்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்கள். கடையிலோ மருத்துவரிடமோ உங்களுக்கு இடர்ப்பாடு வராது. அதனாலேயே பல வெளிநாட்டு மாணவர்கள் டச்சு கற்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டாண்டு முடிவில், தங்களுக்கு டச்சு நண்பர் ஒருவர்கூட இல்லை என்று வருந்துகிறார்கள். ஆய்வகத்தில் எல்லாரும் உங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆனால் மதியம் பாணும் (ரொட்டியும்) சீஸும் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்ததும் பேச்சு தானாகவே டச்சுக்கு மாறிவிடும். அதில் உங்களை ஒதுக்கும் எண்ணம் இல்லை. சொந்த மொழியில் களைப்பாறுகிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் பாதியாவது உங்களுக்கு விளங்க வேண்டுமானால், முதல் மாதமே பல்கலைக்கழகத்தின் மொழி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

எங்களுக்கு அந்த மொழி முற்றிலும் அந்நியமானதும் அன்று. உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் விட்டுச் சென்ற சொற்கள் எங்கள் வாயில் இன்றும் இருக்கின்றன. என் தாத்தா அலுவலகத்தைக் "கந்தோர்" என்றுதான் சொல்வார். லெய்டனில் முதல் நாள் ஒரு கதவில் "கந்தோர்" என்ற அதே ஒலிப்புள்ள சொல்லை வாசித்தபோது, சிறிது நேரம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். தமிழ்நாட்டிலும் வழங்கும் "துட்டு", அவர்களுடைய "டாய்ட்" என்னும் பழைய செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது. "கக்கூசு" என்பதும் பழைய டச்சுச் சொல்தான். நாகப்பட்டினமும் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்ததால், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சிலும் தேடிப் பார்த்தால் கிடைக்கும். இந்தத் தொடர்பை என் டச்சு ஆசிரியையிடம் சொன்னபோது, அவர் அந்தச் சொற்களைப் பலகையில் எழுதி வகுப்பு முழுவதற்கும் காட்டினார். அன்று முதல் எனக்கு அந்த மொழியோடு இருந்த கூச்சம் போய்விட்டது.

அடுத்தது நாட்குறிப்பு. இங்கே ஒருவரை முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்கும் வழக்கம் இல்லை. நன்றாகப் பழகியவர்கூட, தேநீருக்கு அழைத்தால் நாட்குறிப்பைத் திறந்து மூன்று கிழமைக்கு, அதாவது மூன்று வாரத்துக்கு, பிந்திய ஒரு வியாழக்கிழமையைச் சொல்வார். முதலில் நான் இதை மறைமுகமான மறுப்பு என்று எண்ணி மனம் வருந்தினேன். அது தவறு. மூன்று கிழமைக்குப் பிறகு, அந்த வியாழக்கிழமை, சொன்ன மணிக்கு, கொட்டும் மழையில் நனைந்தபடி அந்த மனிதர் கையில் பூங்கொத்தோடு என் வாசலில் நின்றார். குறித்த நாளை அவர்கள் மறப்பதில்லை. ஆகவே நீங்களும் அழைப்பு வரும் என்று காத்திராமல் ஒரு நாளைக் குறித்து மற்றவரைச் சமைத்துச் சாப்பிட அழையுங்கள். மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லுங்கள். எட்டு மணி என்றால் அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

படிப்பைப் பற்றி இரண்டு செய்திகள். அட்டவணையில் வகுப்பு பதினொன்று என்றிருந்தால் பெரும்பாலும் பதினொன்றேகாலுக்குத்தான் தொடங்கும். லெய்டனில் அது பழைய வழக்கம். மதிப்பெண் பத்துக்கு வழங்கப்படும். ஆறு என்பது தேர்ச்சி, எட்டு என்பது மிக நன்று, ஒன்பதும் பத்தும் மிக அரிது. நம் பிள்ளைகள் ஏழு வாங்கிவிட்டு இரவெல்லாம் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஏழு அங்கே நல்ல மதிப்பெண். பேராசிரியர் உங்கள் கட்டுரையைத் திருப்பித் தரும்போது "இந்தப் பகுதி சரியில்லை" என்று நேராகச் சொல்வார். அதில் கோபம் இருக்காது, அடுத்த நிமிடமே காப்பி குடிக்க வருகிறீர்களா என்று கேட்பார். நீங்களும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, உடன்படவில்லை என்றால் உடன்படவில்லை என்று சொல்ல வேண்டும். நீங்கள் பேசாமல் இருந்தால், மரியாதைக்காக என்று அவர் நினைக்கமாட்டார், உங்களுக்கு விளங்கவில்லை என்றே நினைப்பார்.

உடல்நலம்: உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிந்துவிடுங்கள். காய்ச்சல் என்று போனால் பெரும்பாலும் பரசிட்டமோலும் ஓய்வும்தான் சொல்வார்கள். அன்டிபயோட்டிக் எளிதில் தரமாட்டார்கள். பகுதிநேர வேலை செய்ய நினைத்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் கிழமைக்கு 16 மணி நேரம், அல்லது சூன், சூலை, ஆகஸ்ட் மாதங்களில் முழுநேரம் என்னும் வரம்புக்குள்தான் செய்யலாம். அனுமதிப் பத்திரம் எடுப்பது முதலாளியின் பொறுப்பு. வேலையில் சேர்ந்த உடனே டச்சு மருத்துவக் காப்பீடு எடுப்பது கட்டாயம் ஆகிவிடும். அதன் மாதத் தவணையைக் கணக்கிட்ட பிறகே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள், ஏனென்றால் கிழமைக்கு நான்கு மணி நேர வேலைக்கு வரும் ஊதியத்தில் பெரும் பகுதி அதற்கே போய்விடும்.

நாகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த உரிமையாளருக்குப் பணம் அனுப்பவில்லை. அறையைக் காணொளி அழைப்பில் காட்டுமாறு அப்பா கேட்டார். அதன் பிறகு அவரிடமிருந்து பதிலே வரவில்லை.

நேற்று பல்கலைக்கழகத் தங்குமிடப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. லாமன்ஸ்கான்ஸ் என்னும் பகுதியில், அதே பெயருடைய சிறிய தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே, தனிச் சமையலறையுடன் சிறிய அறை ஒன்று கிடைத்திருக்கிறது. அந்த முகவரியில் பதிவு செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த இடம் நகரத்திலிருந்து தொலைவா? அம்மாவின் கேள்வி வேறு: விடுமுறை நாள்களிலும் மாலைகளிலும் பணம் செலவழிக்காமல் போய் உட்கார்ந்துவர அங்கே இடங்கள் இருக்கின்றனவா என்று கேட்கிறார்.

பதில் 4: வைகைக்காற்று

மிக்க மகிழ்ச்சி, தங்கை. உடனே ஒப்புக்கொள்ளுங்கள். லாமன்ஸ்கான்ஸ் நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உங்கள் ஆய்வகத்துக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர்; சைக்கிளில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம், வழியும் பழைய நகரத்தின் நடுவாகவே போகும்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. ஸ்பானியப் படை லெய்டனை முற்றுகையிட்டிருந்தபோது அவர்களின் அரண்களுள் ஒன்று இருந்த இடம் அது. நகரத்துக்குள் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். மீட்க வந்தவர்கள் நீரைத் தடுத்து நிறுத்தியிருந்த கரைகளைத் தாங்களே உடைத்து, வயல்களை வெள்ளக்காடாக்கி, அதன் மேல் படகுகளில் வந்தார்கள். 1574 அக்டோபர் 3 அன்று முற்றுகை முடிந்தது. ஓடிப்போன படையினர் அந்த அரணில் விட்டுச் சென்ற பானையில் கேரட்டும் வெங்காயமும் கலந்த கூட்டு இருந்ததாகவும், ஒரு சிறுவன் அதைக் கண்டெடுத்ததாகவும் ஊரார் சொல்வார்கள். அடுத்த ஆண்டே, 1575இல், நகரம் தாக்குப்பிடித்ததற்குப் பரிசாக, ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சியை நடத்திய ஆரஞ்சு இளவரசர் வில்லியம் பல்கலைக்கழகத்தை நிறுவினார். இன்றைக்கும் அக்டோபர் 3 அன்று அந்த ஊருக்கு மட்டும் விடுமுறை. உங்களுக்கும் வகுப்பு இருக்காது. மக்களுக்கு ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வழங்குவார்கள்; வீடுகளில் உருளைக்கிழங்கோடு கேரட்டும் வெங்காயமும் மசித்த ஹுட்ஸ்பாட் சமைப்பார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதங்கள்கூட ஆகியிருக்காது என்றாலும், அன்று அறைக்குள் இருந்துவிடாதீர்கள். காலை ஏழு மணிக்கு நகர மன்றத்தின் முன் கூடிப் பாடுவார்கள். சொற்கள் தெரியாவிட்டாலும் அந்தக் கூட்டத்தில் போய் நில்லுங்கள்.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு: இடங்கள் நிறையவே உண்டு. ரைன் ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவே பூர்க்ட் என்னும் பழைய கோட்டை மேடு இருக்கிறது. படியேறினால் ஊரின் கூரைகள் எல்லாம் தெரியும், கட்டணம் கிடையாது. 1992 முதல் வீட்டுச் சுவர்களில் பல மொழிக் கவிதைகளை அவற்றின் சொந்த எழுத்திலேயே பெரிதாகத் தீட்டிவருகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவை இருப்பதால், ஒவ்வொரு ஞாயிறும் சிலவற்றைத் தேடிப் பார்த்தாலே ஓராண்டு போய்விடும். முதியோருக்காகக் கட்டப்பட்ட சிறிய வீடுகள் சூழ்ந்த முற்றங்கள் தெருக்கதவுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. பகலில் பலவற்றுக்குள் போகலாம், ஆனால் அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். புதனும் சனியும் ஆற்றங்கரையில் சந்தை கூடும். சனிக்கிழமை மாலை கடைகளைக் கட்டும் நேரத்தில் போனால் ஒரு கூடை மாம்பழத்தையோ மிளகாயையோ ஒரு யூரோவுக்கே கூவிக் கொடுப்பார்கள். என் வாரச் சமையலின் பாதி அங்கிருந்துதான் வந்தது.

நீங்கள் நாகைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுமத்திராவை ஆண்ட ஸ்ரீவிசய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி என்னும் புத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்ததைக் கூறும் செப்பேடுகளை அறிந்திருப்பீர்கள். ஆனைமங்கலச் செப்பேடுகளை உலகம் "லெய்டன் செப்பேடுகள்" என்றும் அழைப்பதற்குக் காரணம், அவை இந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்ததுதான். பெரிய தொகுதியில் சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோத்த 21 ஏடுகளும், முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய தொகுதியில் மூன்று ஏடுகளும் உள்ளன. நான் படித்த காலத்தில் வித்தே சிங்கல் கால்வாய்க் கரையில் இருக்கும் அந்த நூலகத்தில்தான் தேர்வுக்குப் படிப்பேன். ஆனைமங்கலத்தின் எல்லைகளையும் வாய்க்கால்களையும் பெயர் சொல்லிக் குறிக்கும் தமிழ் எழுத்துகள் அப்போது அதே கட்டடத்தில் இருந்தன என்ற நினைவு, பிப்ரவரி மாதத்து மாலைகளில் எனக்குப் பெரிய துணையாக இருந்தது. அவை நம் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அப்போது என் விருப்பமாக இருந்தது.

கடைசியாக, வீட்டுக்கு அழைக்கும் நேரம். கோடையில் நம் ஊர் அங்கிருந்து மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றியதும் அது நான்கரை ஆகிவிடும். நீங்கள் ஆறு மணிக்கு ஆய்வகத்திலிருந்து திரும்பி அழைத்தால் நாகையில் இரவு பத்தரை. அம்மா அதற்குள் தூங்கிவிடுவார் என்றால், காலையில் புறப்படும் முன் அழைப்பதாக இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்: அங்கே இன்னும் விடியாத ஏழரை மணிக்கு நான் காப்பி போடும்போது, மதுரையில் அம்மா மதியச் சமையலை இறக்கிக்கொண்டிருப்பார்.